இயலாது என்று சொல்லத் துணிந்த அல்லாமா இப்னுல் ஹைஸம்

ஐவேளைத் தொழுகைக்கு நாம் செலவிடும் நேரமெல்லாம் சேர்ந்தாலும் ஒரு நாளில் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுவது அரிது. கடையிலும் பட்டறையிலும் காரியாலயத்திலும் அடுப்படியிலும் கழிவதோ பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம். அந்த நேரமெல்லாம் வயிற்றுக்காக மட்டுந்தானா? நிய்யத்தைச் சரி செய்துகொண்டால் அதுவும் இபாதத்தாகிவிடும் என்று ஜும்ஆ மேடையில் கேட்கிறோம். கேட்டுவிட்டு எழுந்து போகிறோம். அப்படி நிய்யத்தைச் சரி செய்துகொண்ட ஒருவர் தம் தொழிலை எப்படிச் செய்வார், தம் கையிலுள்ள கருவியை எப்படிப் பயன்படுத்துவார், தம்மால் ஆகாத காரியம் ஒன்று எதிரே வந்து நின்றால் என்ன செய்வார் என்பதை ஒரு வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால்தான் நெஞ்சில் தங்கும். அத்தகைய ஒரு வாழ்க்கையை இம்மாதம் நேயர்கள் முன் வைக்கிறோம்.

அன்னாரின் பெயர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹஸன் இப்னுல் ஹைஸம். ஹிஜ்ரி 354, அதாவது கி.பி. 965 வாக்கில் இராக்கின் பஸரா நகரில் பிறந்தார்கள். ஹஸன் பஸரீ (ரஹ்), ராபியா பஸரிய்யா (ரஹ்) ஆகியோரின் ஊர் என்று நாமெல்லாம் அறிந்திருக்கும் அதே பஸராதான். பக்தாதில் அப்பாஸிய கலீபாக்கள் பெயரளவில் அமர்ந்திருக்க, அதிகாரமெல்லாம் புவைஹிய்யா அமீர்களின் கையில் இருந்த காலம் அது. அரசியல் தளர்ந்திருந்ததே தவிர இல்ம் தளரவில்லை. அரபு நூல்கள் உக்லீதிஸ் என்று கூறும் யூக்ளிடின் கணித நூலும், பத்லமயூஸ் என்று கூறும் தாலமியின் வான சாஸ்திர நூலும் அதற்கு முன்னரே அரபியாக்கப்பட்டு அறிஞர்களின் கைகளில் உலவி வந்தன. இவற்றில் இளமையிலேயே ஆழ்ந்த இப்னுல் ஹைஸம், கணிதத்திலும் பௌதிகத்திலும் தம் காலத்தில் நிகரற்றவராக விளங்கினார்கள். பிற்காலத்து ஐரோப்பியர் அல்ஹஸன் என்ற பெயரை வாய்க்கு வந்தபடி அல்ஹாஸன் என்று ஆக்கிக்கொண்டனர். இன்றும் பாடப் புத்தகங்களில் அந்தப் பெயரே அதிகம் காணப்படுகிறது.

அன்னாரின் வாழ்வைத் திசை திருப்பியது ஒரு வாய்ச்சொல். ஹிஜ்ரி 646-ல் வஃபாத்தான வரலாற்றாசிரியர் ஜமாலுத்தீன் அல்கிஃப்தீ அதை விவரித்திருக்கிறார்கள். மிஸ்ரு நாட்டின் உயிர் நைல் நதி. கோடையில் பெருகும் அந்நதி அளவாக ஏறினால் விளைச்சல்; குறைந்தால் பஞ்சம்; மிஞ்சினால் ஊரும் வயலும் அழிவு. நதி எத்தனை முழம் ஏறியிருக்கிறது என்று அளப்பதற்கென்றே கெய்ரோ அருகில் ரவ்ழா தீவில் கி.பி. 861-ல் அளவுத் தூண் ஒன்று எழுப்பப்பட்டது. அது இன்றும் நிற்கிறது. இந்நிலையில் பஸராவில் இருந்த இப்னுல் ஹைஸம், தாம் மிஸ்ரில் இருந்தால் நைல் ஏறினாலும் இறங்கினாலும் மக்களுக்குப் பயன்படும்படி அதில் ஒரு வேலை செய்து காட்டியிருப்பேன் என்ற கருத்துப்படப் பேசிவிட்டார்கள். அந்நதி மிஸ்ரின் தென்கோடியில் உயரமான ஓரிடத்திலிருந்து இறங்கி வருகிறது என்று அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். கேள்விப்பட்டது அவ்வளவுதான். நதியைக் கண்டதில்லை.

அந்தச் சொல் மிஸ்ரு வரை போய்விட்டது. அங்கே ஆண்டுகொண்டிருந்தவர் ஃபாத்திமிய்யா வம்சத்து அல்ஹாகிம்; ஷீஆக்களில் இஸ்மாயீலிய்யா பிரிவினர். ஹிஜ்ரி 386 முதல் 411 வரை, அதாவது கி.பி. 996 முதல் 1021 வரை ஆட்சி செய்தார். கல்விக்கு வாரி வழங்கியவர், கி.பி. 1005-ல் கெய்ரோவில் பெரியதொரு அறிவில்லத்தையும் நூலகத்தையும் நிறுவியவர். இப்னு யூனுஸ் என்ற வான சாஸ்திரப் பேரறிஞரை ஆதரித்தவர். அதே கையால் அமைச்சர்கள் பலரின் உயிரையும் பறித்தவர். மிஸ்ரு மக்கள் விரும்பி உண்ணும் முலூக்கிய்யா கீரையைத் தடை செய்தார். பெண்கள் வெளியே நடமாடக் கூடாதென்று அவர்களுக்குச் செருப்புத் தைப்பதையே தடை செய்தார். இன்று அருள், நாளை வாள். எது எப்போது வரும் என்று அரண்மனையிலும் எவருக்கும் தெரியாது.

அவர் இப்னுல் ஹைஸமுக்குப் பணம் அனுப்பி அழைத்தார். அன்னார் வந்தபோது கெய்ரோவுக்கு வெளியே அல்கன்தக் என்ற கிராமம் வரை தாமே சென்று வரவேற்றார். தங்க வைத்து உபசரித்து, பின்னர் நைல் பற்றிச் சொன்னதை நிறைவேற்றித் தருமாறு கேட்டார். கட்டட வேலை தெரிந்த கைவினைஞர்களும் கூலியாட்களும் துணைக்கு அனுப்பப்பட்டனர்.

கெய்ரோவிலிருந்து அஸ்வான் சுமார் 900 கிலோமீட்டர். நதி நெடுகிலும் பண்டைய மிஸ்ரியர் எழுப்பிய கட்டடங்கள் கரையிலே நிற்கின்றன. இப்னுல் ஹைஸம் அவற்றைச் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்க்கவில்லை. கணிதக்காரரின் கண்ணால் பார்த்தார்கள். கல்லோடு கல் பொருந்திய நேர்த்தி, கோணங்களின் துல்லியம், சித்திரங்களின் அளவு எல்லாவற்றையும் பார்க்கப் பார்க்க அவர்கள் உள்ளத்தில் ஓர் எண்ணம் எழுந்தது. இதைக் கட்டியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். நாம் நினைத்து வந்த வேலை இயலக் கூடியதாயின் இவர்களே அதைச் செய்து முடித்திருப்பார்கள். இந்த எண்ணத்துடன் அஸ்வானுக்குத் தெற்கே அல்ஜனாதில் என்னும் பாறைகள் நிறைந்த நீரிறக்கத்தை அடைந்தார்கள். இரு கரைகளையும் நின்று ஆராய்ந்தார்கள். தாம் பஸராவில் இருந்துகொண்டு மனத்தில் வரைந்த இடம் அதுவன்று என்பது தெளிவாகிவிட்டது.

நேயர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். பின்னால் இருப்பவர் பேச்சு மாறினால் தலையெடுக்கத் தயங்காத ஆட்சியாளர். உடன் வந்திருப்போர் வேலை தொடங்கக் காத்திருக்கும் ஆட்கள். வேலையைத் தொடங்கிவிட்டு ஆண்டுக் கணக்கில் கல்லைப் புரட்டிக்கொண்டிருக்கலாம், காலம் கடத்தலாம், பழியைக் கொத்தனார் மீதோ வெள்ளத்தின் மீதோ போடலாம். அரசுப் பணத்தில் இப்படி நடந்த வேலைகளை உலகம் எத்தனையோ கண்டிருக்கிறது. நம் காலத்திலும் காண்கிறோம். இப்னுல் ஹைஸம் வெட்கத்தோடு கெய்ரோவுக்குத் திரும்பினார்கள். இது என்னால் ஆகாது என்று அல்ஹாகிமிடமே ஒப்புக்கொண்டார்கள்.

அஸ்வானில் அணை கட்ட முடிந்தது எப்போது? 1898-ல் தொடங்கி 1902-ல் ஓர் அணை முடிந்தது. அதுவும் வெள்ளத்தை முழுதாகக் கட்டுப்படுத்தப் போதவில்லை. இன்று நாம் அறியும் பெரிய அணை 1960-ல் தொடங்கி 1970-ல் நிறைவுற்றது. 111 மீட்டர் உயரம். இராட்சத இயந்திரங்களும் வேற்று நாட்டுப் பொறியியலாளர்களும் தேவைப்பட்டனர். நூபிய மக்கள் பல்லாயிரம் பேர் தங்கள் ஊர்களை இழக்க நேர்ந்தது. இவ்வளவுக்கும் பிறகு எழுந்ததை, மண்வெட்டியும் கழுதையும் மட்டுமே இருந்த காலத்தில் ஆகாது என்று கணித்த அந்தக் கணிப்பில் பிழை இல்லை. பிழை பஸராவில் பேசிய பேச்சில் இருந்தது. காணாத நதியைப் பற்றிக் கண்டவர் போலப் பேசியதுதான் குற்றம். இன்று கைப்பேசியில் வந்ததைப் படித்து முடிக்கும் முன்பே பத்துப் பேருக்குத் தள்ளிவிடும் நாம் அவர்களைக் குறை சொல்லும் தகுதியில் இல்லை. ஆயினும் பெரியோரின் வரலாற்றில் பிழையை மறைத்து எழுதுவது நமக்குச் சம்மதமில்லை.

நிற்க. அல்ஹாகிம் வெளிப்பார்வைக்கு அந்த மன்னிப்பை ஏற்றுக்கொண்டார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் பதவியும் கொடுத்தார். இப்னுல் ஹைஸம் அதை விரும்பி ஏற்கவில்லை, அஞ்சி ஏற்றார்கள். அற்பக் காரணத்துக்கும் இரத்தம் சிந்தக் கூடியவரின் நிழலில் எத்தனை நாள் இருப்பது? தப்பியோட வழியில்லை. ஆகவே அறிவு கலங்கியவர் போல நடித்தார்கள். அந்தச் செய்தி பரவியது. அவர்களின் சொத்துக்கள் அரசுப் பொறுப்பில் எடுக்கப்பட்டன. பணிவிடைக்கு ஆள் நியமிக்கப்பட்டு, தம் வீட்டிலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். கி.பி. 1021-ல் ஓர் இரவு அல்ஹாகிம் முகத்தம் குன்றுப் பக்கம் போனவர் திரும்பவில்லை. அவர் இறந்தது உறுதியான பின்னரே இப்னுல் ஹைஸம் தம் தெளிந்த அறிவை வெளிக்காட்டி வெளியே வந்தார்கள்.

இப்படி நடிப்பது கூடுமா என்று மார்க்கம் தெரிந்த நேயர்கள் கேட்கலாம். உயிருக்கு அபாயம் என்னும் நிர்ப்பந்த நிலைக்கு ஷரீஅத்தில் தனிச் சட்டம் உண்டு என்பதை மட்டும் இங்கே சொல்லி நகர்கிறோம். தம் சம்பளத்தையோ பதவியையோ காத்துக்கொள்ள அவர்கள் நடிக்கவில்லை. சம்பளத்தையும் பதவியையும் விட்டு விலகுவதற்காகவே நடித்தார்கள். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறிதன்று.

மிஸ்ரில் வாழ்ந்த ஆண்டுகளில் எழுதிய பெருநூல்தான் கிதாபுல் மனாளிர். பார்வையைப் பற்றிய ஏழு பாகங்கள் கொண்ட நூல். கண் எப்படிப் பார்க்கிறது? யூக்ளிடும் தாலமியும், கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் இக்கருத்து செல்வாக்குடன் இருந்தது. இப்னுல் ஹைஸம் அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்று நிறுவினார்கள். சூரியனை உற்று நோக்கினால் கண் கூசி வலிக்கிறதே, அது வெளியிலிருந்து ஏதோ உள்ளே வந்து தாக்குவதனால் அல்லவா என்பது அவர்கள் காட்டிய சான்றுகளில் ஒன்று. எவ்வளவு எளிமை பாருங்கள்! நாமும் நீங்களும் தினமும் அனுபவிப்பதுதான்.

ஆனால் எளிய சான்றோடு அவர்கள் நிற்கவில்லை. சோதித்துப் பார்ப்பதை இஃதிபார் என்ற சொல்லால் குறித்தார்கள். இருட்டறை ஒன்றின் சுவரிலுள்ள துவாரத்துக்கு எதிரே, வெளியில் வெவ்வேறு இடங்களில் பல விளக்குகளை வைத்தால், அறையின் உட்சுவரில் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்புள்ளிகள் விழுகின்றன. ஒரு விளக்கை மறைத்தால் அதற்கு நேரான புள்ளி மட்டும் மறைகிறது. மறைப்பை நீக்கினால் அதே இடத்தில் திரும்ப வருகிறது. அத்தனை ஒளிகளும் ஒரே துவாரத்தில் நுழைந்தும் ஒன்றோடொன்று கலக்கவில்லை. ஒவ்வொன்றும் நேர்கோட்டில் போகிறது. வீட்டில் சிறுவர்களை வைத்துக்கொண்டு இரவில் இதைச் செய்து பார்க்கலாம். நாம் செய்து பார்த்தோம். அட்டையில் ஊசித் துளை போதும். மெழுகுவத்தி இரண்டும் போதும்.

கிரகணத்தின்போது சிறு துவாரத்தின் வழியே சூரியனின் பிறை வடிவம் விழுவதைப் பற்றியும் தனி நூல் எழுதினார்கள். படம் பிடிக்கும் கருவியின் அடிப்படை இந்த இருட்டறையே. கேமரா என்ற சொல்லே சந்திரனைக் குறிக்கும் கமர் என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று நம் மேடைகளில் சிலர் ஆர்வத்தால் பேசுவதுண்டு. அது சரியன்று, அறையைக் குறிக்கும் லத்தீன் சொல் அது. உண்மைக்காகவே உழைத்தவரின் புகழுக்கு உண்மையல்லாததைச் சேர்க்க வேண்டியதில்லை.

கருவி விஷயத்தில் அவர்கள் காட்டிய சிரத்தையை வாசித்தால் தச்சரும் கொல்லரும் மகிழ்வர். கண்ணாடியில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தை அறிய ஒரு கருவியை வடிவமைத்தார்கள். பலகை எந்த அளவு, துவாரம் அடியிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் வாற்கோதுமை மணியின் அகலத்தை அளவுகோலாகக் கொண்டு எழுதி வைத்தார்கள். சமதளக் கண்ணாடி, உள்வளைந்தது, வெளிவளைந்தது, உருளை வடிவம், கூம்பு வடிவம் என ஏழு வகைக் கண்ணாடிகளைச் செய்யும் முறையையும் தந்தார்கள். ஒளி தண்ணீரில் நுழையும்போது வளைவதை அளப்பதற்குச் செம்பில் வேறொரு கருவி. தம் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம், இக்கருவியைச் செய்து நீங்களே பாருங்கள் என்பதே இவ்வளவு விவரத்துக்கும் காரணம் என்று நாம் கருதுகிறோம். காணாத நதியைப் பற்றிப் பேசிய அதே மனிதர், இப்போது மற்றவர் கண்டு உறுதி செய்ய முடியாத எதையும் சொல்லத் தயங்குகிறார்கள்!

தாலமியின் நூல்களிலுள்ள முரண்களைத் தொகுத்து அஷ்ஷுகூக் என்றொரு நூலும் எழுதினார்கள். முன்னோரின் நூல்களில் மனிதப் பிழை இருக்கும். சத்தியத்தைத் தேடுபவர் அவற்றைச் சந்தேகத்தோடு ஆராய வேண்டும். அப்படி ஆராயும்போது தம்மையும் சந்தேகிக்க வேண்டும் என்பது அதில் அவர்கள் கொண்ட நிலை. வஹ்யைப் பற்றிய பேச்சல்ல இது. மனிதர் எழுதிய சாஸ்திரங்களைப் பற்றியது. இதைக் குழப்பிக்கொள்வோர் இரு பக்கத்திலும் உண்டு. தொழுகைக்காக கிப்லாவின் திசையைக் கணித முறையில் கண்டறிவது பற்றியும் அன்னார் எழுதியிருக்கிறார்கள்.

இனி, அன்னாரின் பிழைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம்மை மிகவும் கவர்ந்த பகுதி அதுவே. அடைப்பிலிருந்து வெளிவந்தபின் அரசாங்கப் பதவியை நாடவில்லை. ஜாமிஉல் அஸ்ஹரின் வாயிலருகே ஒரு குப்பாவில் குடியேறினார்கள். உலகின் முதல்தர கணித மேதை, நூல் பிரதியெடுத்துப் பிழைத்தார்கள். அல்கிஃப்தீ தரும் விவரப்படி ஆண்டுக்கு மூன்று: யூக்ளிடின் நூல், நடுநிலை நூல்கள் என்று வழங்கிய கணிதத் தொகுப்பு, தாலமியின் அல்மஜிஸ்தீ. எழுதத் தொடங்கும்போதே வாங்குபவர் வந்து 150 மிஸ்ரு தீனார் கொடுத்துவிடுவார். விலை அதுதான், பேரமில்லை, ஏற்ற இறக்கமில்லை. அந்த ஆண்டின் உணவுக்கு அது போதும். மீதி நேரமெல்லாம் ஆராய்ச்சிக்கு.

பிரதியெடுப்பது சில்லறை வேலை என்று நினைக்க வேண்டாம். கணித நூலில் ஒரு வரைபடத்தின் மூலையில் அலிஃபுக்குப் பதில் பே விழுந்துவிட்டால் அந்த நிரூபணமே பாழ். மத்ரஸாவில் ஓதிய நாட்களில் கிதாபின் ஓரக் குறிப்புகளை எழுதியெடுத்த நமக்கு அந்தச் சிரமம் ஓரளவு தெரியும். பத்துப் பக்கத்தில் மூன்று பிழை விட்டு உஸ்தாதிடம் தலைகுனிந்திருக்கிறோம். இப்னுல் ஹைஸமின் கையெழுத்துப் பிரதிக்கு ஆட்கள் முன்பணத்தோடு வந்தார்கள் என்றால், அதன் நேர்த்தியை ஊகித்துக்கொள்ளலாம். அந்த வேலை கைக்கு மட்டும் உரியதாக இருக்கவுமில்லை. வளைந்த கண்ணாடியில் ஒளி எந்தப் புள்ளியில் பட்டுத் திரும்பும் என்ற கடினமான கணக்கை அவர்கள் கூம்பு வெட்டுக் கணிதத்தால் தீர்த்தார்கள். இன்றும் அது அல்ஹாஸன் கணக்கு என்றே வழங்குகிறது. அந்தக் கணிதத்தின் மூலநூல், கிரேக்கர் அப்போலோனியஸ் எழுதியது. அதையும் தம் கையால் பிரதியெடுத்தார்கள். எட்டுப் பாகங்களில் இறுதிப் பாகம் தொலைந்து போயிருந்தது. அதில் என்ன இருந்திருக்கும் என்று கணித்துத் தாமே ஒரு நூல் எழுதி நிரப்பினார்கள்.

ஊதியம் பற்றி மற்றொரு செய்தி. இதைச் சொல்பவர் ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஸஹீருத்தீன் அல்பைஹகீ. ஹதீஸ் கலை இமாம் பைஹகீ (ரஹ்) வேறு, இவர் வேறு. ஸிம்னானைச் சேர்ந்த ஒரு பிரபு பாடம் கற்க வந்தார். மாதம் நூறு தீனார் தர வேண்டும் என்றார்கள் இப்னுல் ஹைஸம். பிரபு முகம் சுளிக்காமல் கொடுத்து மூன்றாண்டு கற்றார். ஊர் திரும்பும் நாளில் அத்தனை தீனாரையும் எடுத்து அவர் முன் வைத்துவிட்டார்கள். உமது ஆர்வம் உண்மையா என்று சோதிக்கவே கேட்டேன், நன்மையைக் கற்பிப்பதற்கு என்னிடம் கூலி இல்லை, ஊருக்குப் போனபின் இந்தப் பணம் என்னைவிட உமக்கே தேவைப்படும் என்ற கருத்தில் சொல்லி அனுப்பினார்கள். கை உழைப்புக்கு விலை குறித்து வாங்கினார்கள், கற்பித்ததற்கு வாங்கவில்லை. தேவை கருதிப் பிற்கால ஃபுகஹாக்கள் கற்பித்தலுக்கு ஊதியம் வாங்குவதை அனுமதித்துள்ளனர் என்பதையும் உடன் சொல்லிவிடுகிறோம். இல்லாவிடில் நாளைக்கே ஏதேனும் ஒரு மஹல்லா நிர்வாகம் இக்கட்டுரையைக் காட்டி உஸ்தாதின் சம்பளத்தில் கை வைக்கும்.

அன்னாரின் முடிவுகள் எல்லாமே சரியாக அமைந்துவிடவில்லை. பார்வையின் உணர்வு கண்ணின் பளிங்குப் பகுதியில் இருப்பதாகக் கருதினார்கள். பின்புறத் திரையில்தான் உருவம் விழுகிறது என்று ஜெர்மானிய அறிஞர் கெப்ளர் 1604-ல் காட்டினார். வானவில்லைப் பற்றிய விளக்கமும் தவறியது. நம்மவர்கள் நெடுங்காலம் இந்நூலைப் பெரிதாகக் கவனிக்கவில்லை என்பதை வருத்தத்தோடு எழுதுகிறோம். லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பலர் அதைப் படித்துக்கொண்டிருந்தனர். 1572-ல் பாஸல் நகரில் அது அச்சாகவும் செய்தது. நம் பக்கத்தில் ஈரானைச் சேர்ந்த கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ அதற்கு விரிவுரை எழுதினார். வட்டமான கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு மழைத்துளியாகக் கொண்டு, இருட்டறையில் ஒளியைச் செலுத்திப் பார்த்து, வானவில் தோன்றும் விதத்தைத் திருத்தி விளக்கினார். இப்னுல் ஹைஸமின் பிழையைத் திருத்த அவர் கையாண்டது இப்னுல் ஹைஸம் கற்றுத் தந்த அதே முறைதான்.

ஹிஜ்ரி 430, கி.பி. 1040 வாக்கில் அன்னார் கெய்ரோவில் வஃபாத்தானார்கள். அவர்கள் கையால் எழுதிய அந்தக் கூம்பு வெட்டு நூலின் பிரதி ஆயா ஸோஃபியா தொகுப்பில் சேர்ந்து, இஸ்தான்பூலின் ஸுலைமானிய்யா நூலகத்தில் இருக்கிறது. அதில் குறித்துள்ள ஆண்டு ஹிஜ்ரி 415; அதாவது கி.பி. 1024. அடைப்பிலிருந்து வெளிவந்து மூன்று ஆண்டுகள் கழித்து, அறுபது வயதை எட்டிய நிலையில் எழுதியது.